காசும் சில்லும்

மலேசிய நாணயத்துக்கு ‘ரிங்கிட்’ என்பது பெயர். பினாங்குத் தமிழர் அதனை ‘வெள்ளி’ என்றே வழங்குவர். இரு பெயர்களும் பிறந்த இடம் ஒன்றுதான். ஸ்பானியர் தம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் அடித்து உலகெங்கும் பரப்பிய வெள்ளி டாலர் மலாய்த் துறைமுகங்களில் நீண்டகாலம் செல்லுபடியாயிற்று. தமிழர் அதன் உலோகத்தைப் பார்த்து வெள்ளி என்றனர். மலாய்க்காரர் அதன் விளிம்பைப் பார்த்து ரிங்கிட் என்றனர். பல் வெட்டப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள்.

விளிம்பிலே பல் வெட்டியதற்குக் காரணம் உண்டு. பழைய வெள்ளிக்காசின் ஓரத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, காசை முழு மதிப்புக்குத் தள்ளிவிட்டு, சுரண்டிய வெள்ளியைச் சேர்த்து விற்பவர் பலர் இருந்தனர். விளிம்பு முழுவதும் வேலைப்பாடு செய்துவிட்டால், சுரண்டிய இடம் உடனே கண்ணுக்குப் பட்டுவிடும். ஆகவே காசின் விளிம்பில் தோன்றும் அந்தச் சிறு கோலம் அழகு கருதி வந்ததன்று. ஐயம் கருதி வந்தது. வாங்குபவனுக்குக் கொடுப்பவன்மீது இருந்த ஐயமே அங்கே வரிவடிவம் பெற்றது.

இந்த உண்மையை மனத்திற் கொண்டு நோக்கினால், சூதாட்ட மேசையில் காசுக்குப் பதிலாகப் புழங்கும் வட்ட வில்லைகளின் வரலாறு எளிதில் விளங்கும். ‘போக்கர்’ முதலிய சீட்டாட்டங்களுக்குரிய சில்லுகளைக் கணிப்பொறியில் தாமே வரைந்து செய்வித்துக்கொள்ளும் பழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. அது புதுக்கலை போலத் தோன்றினும், அதன் வேர் பழையது. அவ்வேரின் பல கிளைகள் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டியே ஓடுகின்றன.

சில்லு என்னும் சொல்

சில்லு என்பது தமிழில் உடைந்த ஓட்டுத் துண்டைக் குறிக்கும். தெருவில் கட்டம் கீறி நொண்டியாடும் சிறுமியர் கையில் இருப்பதும் சில்லே. கீழடி அகழாய்வில் சுடுமண்ணால் ஆன வட்டச் சில்லுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தந்தத்தால் ஆன பகடைக்காயும் கிடைத்துள்ளது. விளையாட்டும் சூதும் தமிழருக்குப் புதியன அல்ல. திருவள்ளுவர் 94 ஆம் அதிகாரத்தைச் சூது என்னும் பொருளுக்கே ஒதுக்கினார் என்பதும் யாவரும் அறிந்தது.

காசுக்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலேயே தெளிந்துகொள்ளுதல் நன்று. பழைய வெள்ளிக்காசுக்கு அதன் உலோகத்திலேயே மதிப்பு இருந்தது. உருக்கினாலும் வெள்ளி வெள்ளிதான். சில்லுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. ‘இதைக் கொண்டுவந்து கொடுத்தால் இத்தனை காசு தருவேன்’ என்று ஒருவன் சொல்லிய சொல்லே அதன் மதிப்பு. அந்தச் சொல்லைத் தாங்கி நிற்பது சில்லின்மேல் இருக்கும் வடிவம். யார் சொன்னது, எவ்வளவு சொன்னது, இது மெய்யா போலியா என்னும் மூன்று கேள்விகளுக்கும் அவ்வடிவம் ஒரு நொடியில் விடை சொல்ல வேண்டும். சில்லு வரைபவர்க்கு அன்றும் இன்றும் உள்ள வேலை இதுவே.

பினாங்கின் முதற் காசுகள்

1786 ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவிலே ஆங்கிலேயர் கொடியை ஏற்றினார். காட்டை அழிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. அவர் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடப் புகுந்தவர்கள் காட்டை வெட்டித் தீர்த்தனர் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, புதுத் துறைமுகத்தின் முதல் தேவை காசு என்பதை அது நன்றாகவே சொல்கிறது.

பெரிய வாணிகத்துக்கு ஸ்பானிய வெள்ளி போதும். ஆனால் ஒரு வாழைப்பழச் சீப்புக்கும் ஒரு சுருட்டுக்கும் வெள்ளியை உடைத்துக் கொடுக்க முடியுமா? சில்லறைப் பஞ்சம் அக்காலத் துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவான நோய். அதனால் கும்பினியார் 1787 இல் பினாங்குக்கென்று செப்புக்காசும், அடுத்த ஆண்டிலே சிறு வெள்ளிக்காசுகளும் வெளியிட்டனர். காசின் ஒருபுறம் கும்பினியின் மூட்டைக் குறி: நான்கு கூறாகப் பிரித்த இதயம் போன்ற கட்டமும், அதனுள் கும்பினிப் பெயரின் முதலெழுத்துகளும். மறுபுறம் அரபு எழுத்தால் மலாய் மக்கள் படிக்கும்படி தீவின் பெயர்.

இம்மூட்டைக் குறி கருதத்தக்கது. அது அரசரின் உருவமன்று, தெய்வத்தின் சின்னமுமன்று. துணி மூட்டையின்மேல், ‘இது எங்கள் சரக்கு’ என்று வணிகர் இட்ட குறி. அதையே காசிலும் இட்டனர். வாணிகக் கூட்டம் ஒன்று காசு அடிக்கத் துணிந்தபோது, தன் கடைக் குறியையே முத்திரையாக்கிக் கொண்டது. இன்று சூதாட்ட விடுதிகள் தம் சில்லுகளின் நடுவே பெயர்க்குறி பொறிப்பதும் இதே வழிதான்.

சில்லறைப் பஞ்சம் அத்துடன் தீரவில்லை. பின்னர், 1800 முதல் 1803 வரை துணை ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் லீத் காலத்தில், அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஈயக் காசுகள் பினாங்கிலே வார்க்கப்பட்டன. வெள்ளீயம் எளிதில் உருகும் உலோகம். அச்சு ஒன்று இருந்தால் அடுப்பங்கரையிலேயே வார்த்துவிடலாம். ஆகவே உலோகம் மலிவாக ஆக, முத்திரையின் பொறுப்பு கூடுகிறது. ஸ்பானிய வெள்ளியைக் காப்பதற்கு விளிம்பு வேலைப்பாடு துணை செய்தது; ஈயக்காசைக் காப்பதற்கு இரண்டு எழுத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

சூதுக் குத்தகை

புதுக் குடியேற்றத்தை நடத்தப் பணம் வேண்டும். கும்பினியார் இறக்குமதி வரி போட விரும்பவில்லை. வரியில்லாத் துறைமுகம் என்ற பெயரே கப்பல்களை இழுத்து வந்தது. ஆகவே அபின், சாராயம், சூது ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டனர். குத்தகை எடுத்தவர் அரசுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கட்டுவார். அந்தத் துறையில் தனியுரிமை அவருக்கு. உரிமை பெறாமல் சூதாட்டம் நடத்துபவனைப் பிடித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அவருடைய ஆட்களின் வேலையே.

சூதை அரசே விற்கலாமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. 19 ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலேயே பினாங்கில் சூதுக் குத்தகை நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரிலே 1823 இல் ராஃபிள்ஸ் அதைத் தடை செய்தார். அவருக்குப் பின் வந்த கிராஃபர்ட் வருவாய் கருதி மீண்டும் திறந்தார். 1829 இல் அங்கும் அது முடிவுக்கு வந்தது. ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சி மலாய் மாநிலங்களுக்குப் பரவியபோது சூதுக் குத்தகையும் அங்கே நிலைத்தது. தீவிலே குற்றம் எனப்பட்டது, கடலுக்கு அப்பால் பேராக்கிலே வருவாய் எனப்பட்டது.

கான்டனில் கடைந்த சிப்பி

சூதுக்குக் காசு போலச் சில்லு செய்யும் கலை, அந்நாளில் இரண்டு வெவ்வேறு திசைகளில் வளர்ந்தது. ஒன்று செல்வர் வீட்டுக் கூடத்துக்கு உரியது. மற்றொன்று ஏழையின் சூதுக்கடைக்கு உரியது. இரண்டையும் செய்தவர் சீனக் கைவினைஞரே.

முதலாவது, கான்டன் நகரில் முத்துச்சிப்பியால் செய்த ஆட்டச் சில்லுகள். 1757 முதல் 1842 வரை மேல்நாட்டுக் கப்பல்களுக்குச் சீனாவில் திறந்திருந்த துறைமுகம் கான்டன் ஒன்றே. இந்தியாவிலிருந்து அங்குச் செல்லும் கப்பல்களிற் பல மலாக்கா நீரிணை வழியே சென்றன. பினாங்கு தோன்றியதற்கே அந்தச் சீன வாணிகம் ஒரு காரணம். தேயிலையும் பட்டும் பீங்கானும் ஏற்றிய அக்கப்பல்களில், சிறு பெட்டிகளில் அடுக்கிய சிப்பிச் சில்லுகளும் சென்றன.

ஆங்கில நாட்டுச் செல்வக் குடும்பத்தார் தம் குலச்சின்னத்தின் படத்தைக் கப்பல் அதிகாரிகள் மூலம் கான்டனுக்கு அனுப்புவர். அங்குள்ள தொழிலாளர் அப்படத்தைப் பார்த்து, மெல்லிய சிப்பித் துண்டுகளில் அதனை நுண்ணிதாகச் செதுக்குவர். வட்டம், நீள்சதுரம், மீன் என்று வடிவங்கள் பல. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆட்டத்தில் ஒவ்வொரு மதிப்பு. 1813 இல் வெளிவந்த ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ என்னும் ஜேன் ஆஸ்டின் நாவலில், சீட்டாடி வீடு திரும்பும் இளம்பெண் தான் தோற்ற மீன்களையும் வென்ற மீன்களையும் பற்றி ஓயாது பேசுவாள். அந்த மீன்கள் இத்தகைய சில்லுகளே.

சொந்தக் குறியிட்டுச் செய்வித்துக்கொள்ளும் சில்லுக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இல்லை. வரைந்தவர் ஒரு கடலின் கரையில். செதுக்கியவர் மற்றொரு கடலின் கரையில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. இடையே சென்றது ஒரு தாள். அந்தத் தாளில் கோடு தெளிவாக இல்லாவிடில், சிப்பியிலும் தெளிவு இராது. செய்பவனுக்கு ஐயம் எழாதபடி வரைவதே இக்கலையின் முதற்பாடம்.

ஆயினும் அச்சில்லுகளில் போலி அச்சம் பெரிதாக இல்லை. அவை ஒரு வீட்டின் கூடத்துக்குள் பிறந்து, இரவு முடிந்ததும் பெட்டிக்குள் அடங்கிவிடும். வாசலைத் தாண்டாத சில்லுக்கு அழகே போதும்.

சயாமின் பீங்கான் வில்லைகள்

வாசலைத் தாண்டிய சில்லின் கதை சயாம் நாட்டில் நிகழ்ந்தது. அங்கும் சூதுக்கடைகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைதாரரிற் பெரும்பாலோர் சீனர். அவர்கள் தம் கடைகளில் ஆடுவதற்குப் பீங்கானால் ஆன சிறு வில்லைகளைச் சீனாவிலிருந்து செய்வித்து வருவித்தனர். சயாம் மொழியில் அவற்றுக்குப் ‘பீ’ என்று பெயர். வட்டம், எண்கோணம், பூ, வண்ணத்துப்பூச்சி, மீன் என்று எண்ணிறந்த வடிவங்கள். ஒருபுறம் கடையின் பெயர் சீன எழுத்தில், மறுபுறம் மதிப்பு. கண்ணாடியாலும் பித்தளையாலும் செய்தனவும் உண்டு.

சூதுக்கடைக்கு அருகில் சோற்றுக்கடை இருக்கும், தேநீர்க்கடை இருக்கும். ஆட வந்தவன் கையில் காசில்லாமல் வில்லையை நீட்டுவான். கடைக்காரர் தெரிந்த இடத்து வில்லைதானே என்று வாங்கிக்கொள்வார். அவர் அதை அரிசிக்காரருக்குத் தருவார். நாட்டிலோ சில்லறைப் பஞ்சம். ஒரு பாத் நாணயத்தில் 64 அட் அடக்கம். அந்தச் சிறு பிரிவுகளுக்குத் தக்க அரசுக்காசு போதிய அளவில் இல்லை. இவ்வாறு சூதுக்கடையின் வில்லை மெல்ல மெல்லத் தெருவின் காசாயிற்று. காசு அடிக்கும் உரிமை அரசனுடையது என்பது ஏட்டில் இருந்தது. தெருவிலே அது சூதுக்கடைக்காரர் கைக்குப் போயிற்று.

காசானவுடனே போலியும் பிறந்தது. போலி மிகுந்தால் கடைக்காரர் ஓர் ஆளைத் தெருவில் அனுப்பிச் சேகண்டி அடித்துச் சொல்லச் செய்வார்: இந்த வில்லைகளைச் சில நாட்களுக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும், அதன்பின் அவை செல்லா. பிறகு வேறு வடிவத்தில் புதிய வில்லைகள் வரும். இன்று அருங்காட்சியகங்களில் காணும் பீங்கான் வில்லைகள் ஆயிரக்கணக்கான வகைகளாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கலைஞரின் கற்பனைப் பெருக்கு என்று கருதி வியக்கப்படும் அவ்வகைகளிற் பல, கள்ளனுக்கு அஞ்சி மாற்றிய பூட்டுகள் போன்றவை.

அந்தச் சேகண்டி ஒலி எட்டாத இடத்தில் இருந்தவர் கதி என்ன? அயலூருக்குக் கூலிவேலைக்குப் போயிருந்தவன், நோயுற்றுப் படுத்திருந்தவள், ஆற்றில் படகோட்டிச் சென்றவன் ஆகியோர் மடியில் முடிந்து வைத்திருந்த வில்லைகள் நாள் கடந்ததும் வெறும் ஓட்டாஞ்சில்லாயின. சூதே ஆடாதவரும் சூதுக்கடைக்குத் தோற்றனர். சொல்லைக் கொடுத்தவன் தன் விருப்பப்படி அதைத் திரும்பப் பெற முடிந்தால், நட்டம் எப்போதும் கடைசியாகக் கையில் வைத்திருந்தவனுக்கே.

மன்னர் சூலலங்கார்ன் அரசு இதைக் கவனித்தது. 1874 இல் ஓர் அட் மதிப்புள்ள தாள்நோட்டு வெளியிடப்பட்டது. இங்கிலாந்திலிருந்து செப்புக்காசுகள் வருவிக்கப்பட்டன. 1875 இல் சூது வில்லைகளைக் காசாகப் புழங்குவது தடுக்கப்பட்டது. சூதுக்கடைகள் அதன் பின்னும் நெடுநாள் இருந்தன. 1917 இல்தான் அவை முற்றும் மூடப்பட்டன. வில்லையை வெளியேற்றியது தடை மட்டுமன்று. தடையோடு அரசு தந்த நல்ல சில்லறையும் ஆகும்.

பினாங்கின் குத்தகைச் செல்வர்

சயாமின் தென்கரையும் பினாங்கும் அந்நாளில் ஒரே வாணிக வட்டத்தில் இருந்தன. சீனாவின் புக்கியென் பகுதியிலிருந்து பினாங்குக்கு வந்த கா சூ சியாங் என்பவர், பின்னர் சயாமியக் கரைக்குச் சென்று ஈயத்தாலும் வரிக்குத்தகையாலும் உயர்ந்து, ரானோங் பகுதிக்கு ஆளுநரானார். 1882 இல் மறைந்தார். அவர் மரபினர் ஆட்சி நடத்தியது சயாமில். வாணிகம் நடத்தியது பினாங்கில்.

பேராக்கின் பக்கத்திலும் இதே நிலை. ஹாய்சான் கூட்டத்தின் தலைவராகவும் பேராக்கின் சீனக் காப்பித்தானாகவும் விளங்கிய சுங் கெங் குவீ, லாரூட் ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வரானார். 1874 இல் பங்கோர் உடன்பாட்டுக்குப் பின் பேராக்கு வருவாய்க் குத்தகைகளிற் பலவும் அவர் கைக்கு வந்தன. சூதும் அவற்றுள் ஒன்று. 1901 இல் அவர் மறைந்தார். பினாங்கு சர்ச் தெருவில் 1890 களில் அவர் அமைத்த மாளிகை இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் இரும்புத் தூண்களையும் தளக்கற்களையும் மரச்செதுக்கல்களையும் பார்த்து வியப்பவர், அச்செல்வம் வந்த வழியையும் எண்ணிப் பார்க்கலாம்.

வழி இதுதான். சுரங்கக் கூலிக்குச் சம்பளம் மாதந்தோறும் கையில் வராது. அரிசியும் எண்ணெயும் அபினும் முன்கடனாகக் கிடைக்கும். பல மாதங்களுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பார்கள். தீர்த்த அன்று கையில் வரும் மிச்சத்துக்கு எதிரே சூதுக்கடை திறந்திருக்கும். அங்கே நாணயங்களைக் கிண்ணத்தால் மூடி, பின் நான்கு நான்காக எண்ணி ஒதுக்கி, மிஞ்சுவது எத்தனை என்று பந்தயம் கட்டும் ‘பான் தான்’ ஆட்டம் நடக்கும். சுரங்கமும் குத்தகையும் ஒரே கூட்டத்தார் கையில் இருந்தால், ஒரு வாசலால் வெளியே போன கூலி மறு வாசலால் திரும்பிவரும். நாடு திரும்பக் கப்பற் கட்டணம் சேர்க்க வந்தவன் மறுபடியும் கடனோடு சுரங்கத்தில் இறங்குவான். இக்குத்தகை முறை கூட்டமைப்பு மலாய் மாநிலங்களில் 1912 இறுதியோடு ஒழிந்தது.

சில்லின் மற்றொரு குணம் இங்கே விளங்கும். காசை எண்ணிக் கொடுக்கும்போது மனிதனுக்கு உழைப்பு நினைவுக்கு வரும். பூவும் மீனும் வரைந்த வில்லையைத் தள்ளும்போது அந்நினைவு மங்கும். சில்லு கணக்கை எளிதாக்குகிறது. அதனோடு இழப்பையும் எளிதாக்குகிறது. சூதுக்கடைக்காரர் அழகிய வில்லைக்காகச் சீனாவரை சொல்லியனுப்பியது வீண் செலவன்று.

களிமண், அரக்கு, பீங்கான்

போக்கர் ஆட்டம் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியிலே பரவியது. முதலில் காசும் பொன்துகளும் பந்தயமாயின. பிறகு எலும்பாலும் தந்தத்தாலும் செய்த வில்லைகள் வந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் களிமண்ணையும் அரக்கையும் கலந்து அழுத்திச் செய்த வில்லைகள் பெருகின. உலகச் சந்தைக்கு அரக்கு மிகுதியாகச் சென்றது இந்தியாவிலிருந்தே.

மலேசியாவில் சட்டத்தின் இசைவோடு நடக்கும் சூதாட்ட விடுதி பகாங் மாநில எல்லைக்குள் உள்ள கெந்திங் மலையில் இருக்கிறது. லிம் கோ டோங் என்பார் 1965 இல் தொடங்கிய முயற்சியால் அம்மலை விடுதி 1971 இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு அங்குச் சூதாட இடமில்லை. மற்ற இடங்களில் உரிமையின்றிச் சூதுக்கடை நடத்துவதை 1953 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆதலின் பினாங்கில் ஒருவர் தமக்கென்று சில்லு வரைந்துகொண்டால், அது கான்டன் சிப்பியின் வழியில் வருவது: பெட்டியிலிருந்து எழுந்து பெட்டிக்கே திரும்பும் வீட்டுப் பொருள்.

கோட்டைக் கணக்காக்கிய கலை

இன்று அவ்வரைவு கணிப்பொறியில் நடைபெறுகிறது. கணிப்பொறி படம் வரைய இரு வழிகள் உண்டு. ஒன்று, புகைப்படம் போல நெருங்கிய புள்ளிகளால் நிரப்புவது. அதைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப் போலச் சிதையும். மற்றொன்று, ஒவ்வொரு கோட்டையும் கணிதமாக எழுதிவைப்பது. இதற்கு ‘வெக்டர்’ முறை என்று பெயர். இதில் விரல்நகத்தளவு வரைந்த பூவைச் சுவரளவு பெரிதாக்கினும் விளிம்பு மழுங்காது.

இம்முறைக்கு உயிரான வளைகோட்டை ஆக்கித் தந்தவர் இரு பிரெஞ்சுப் பொறியாளர். சிட்ரோயன் மோட்டார்த் தொழிற்சாலையில் பால் தெ காஸ்தல்ஜோ 1959 இல் அதைக் கண்டார். ரெனோ தொழிற்சாலையில் பியர் பெசியே 1960 களில் தாமே கண்டு உலகறியச் செய்தார். ஆகவே அது பெசியே வளைகோடு எனப்படுகிறது. மோட்டார் வண்டியின் உடல்வளைவைத் தச்சருக்கும் கொல்லருக்கும் ஐயமின்றிச் சொல்வதே அவர்கள் நோக்கம். 1963 இல் ஐவன் சதர்லாந்து அமெரிக்காவில் கணிப்பொறித் திரைமேல் ஒளிக்கோலால் வரைந்து காட்டினார். 1987 இல் ‘இல்லஸ்டிரேட்டர்’ என்னும் வரைகலை மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 2003 முதல் ‘இங்க்ஸ்கேப்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கான்டனுக்கு அனுப்பிய தாளுக்கு இருந்த குறையை இந்தக் கணிதம் தீர்த்துவிட்டது.

கற்பவர்க்கு முதலில் தடையாவது இவ்வளைகோடே. கோட்டின் இரு முனைகளிலும் இரு புள்ளிகள். அவற்றிலிருந்து நீளும் இரு பிடிகள். பிடியை இழுத்தால் கோடு அப்பக்கம் வளையும். காகிதத்தில் கை செல்லும் வழியே கோடு செல்லும். இங்கோ, கை ஓரிடத்தில் இழுக்க, கோடு வேறிடத்தில் வளையும். தொடங்குபவர் அடிக்கொரு புள்ளி வைத்துக் கோட்டைக் கரடாக்கிவிடுவர். பழகியவர் வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைப்பர். வட்டத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். புள்ளிக்கோலம் இடத் தெரிந்த கைக்கு இது புரியாத செய்தியன்று. புள்ளிகளை அளந்து வைத்துவிட்டால் கோடு தானே ஒழுங்காகும்.

பொதுவாகப் புழங்கும் சில்லின் குறுக்களவு 39 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 122 மில்லிமீட்டர். விளிம்பில் எட்டு வண்ணப் பட்டைகள் இடவேண்டின், ஒன்றை மட்டும் வரைந்து, அதன் படியை 45 பாகையாக வட்ட நடுவைச் சுற்றித் திருப்பி வைத்தால் போதும். ஆறு பட்டைகளாயின் 60 பாகை. அச்சிடும்போது சிறிது விலகினும் வெள்ளை ஓரம் தெரியாதிருக்க, வண்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் சற்று நீட்டி வரைதல் வேண்டும். எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புதல் வேண்டும். இன்றேல் அச்சிடுபவர் கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லாதபோது தமிழெழுத்து உருக்குலைந்துவிடும். தொலைவிலுள்ள கைவினைஞனுக்கு ஐயம் எழக்கூடாது என்னும் கான்டன் காலத்துப் பாடமே இங்கும் நிற்கிறது.

பட்டைகள் விளிம்புக்கு வருவதற்கும் காரணம் உண்டு. மேசையில் சில்லுகள் அடுக்கடுக்காக நிற்கும். அப்போது முகம் தெரியாது. விளிம்பு மட்டுமே தெரியும். நூறு வில்லைகளின் நடுவே வேறு மதிப்புள்ள ஒன்று நுழைந்தால், பட்டை ஒழுங்கு கலைந்து காட்டிக்கொடுக்கும். ஸ்பானிய வெள்ளியின் பல்வெட்டு செய்த காவலை இங்கு வண்ணப்பட்டை செய்கிறது.

வண்ணத்திலும் இடத்துக்கேற்ற கருத்து வேண்டும். அமெரிக்க வழக்கில் வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. மலேசியக் கையிலோ நீலத்தாள் 1 வெள்ளி, பச்சைத்தாள் 5 வெள்ளி, சிவப்புத்தாள் 10 வெள்ளி. நாள்தோறும் பச்சையை ஐந்தென்று கண்டு பழகிய கண், மேசையில் அதை இருபத்தைந்தென்று கொள்ளத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் ஒருவர் ஏமாறவும் கூடும். வரைபவர் பினாங்கு மக்களுக்காக வரைகிறார் எனின், பினாங்கு மக்களின் கண்பழக்கத்தை அறிதல் அவர் கடமை. கோலங்களுக்கு அவர் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. ஐந்தடி நடைவழிகளின் தளக்கற்களும், சூலியா தெருவின் பழைய கடைமுகப்புகளும் அருகிலேயே உள்ளன.

சயாமின் பீங்கான் வில்லையைச் செய்தவர் கைத்திறம் சிறிதும் குறைந்ததன்று. ஆனால் அந்த அழகு யாருடைய மடியிலிருந்து யாருடைய பெட்டிக்குப் பணத்தைக் கொண்டுசென்றது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. கடல்கடந்த சூளையில் இருந்து அவர் கண்டது சொல்லியனுப்பிய வடிவத்தை மட்டுமே. இன்று வரைபவர்க்கு அந்த மறைப்பு இல்லை. தாம் வரையும் வில்லை வீட்டுப் பெட்டிக்குத் திரும்புமா, வாசலைத் தாண்டிப் பிறர் கூலியைத் தேடிச் செல்லுமா என்பதை அவர் முன்னமே கேட்டறிய முடியும். திரும்பப் பெறுவதாக ஒருவர் சொன்ன சொல்லைத் தாங்கும் பொருளுக்கு அவர் முகம் தருகிறார். முதற் புள்ளியை வைக்குமுன் அச்சொல் யாருடையது என்று கேட்டுக்கொள்வதும் அக்கல்வியில் ஒரு பகுதியே.